ஏழில் இரண்டு

கந்தளாயில் துருசு இறக்கி ஒன்பது நாள்.
தம்பலகாமத்து வாய்க்கால்
இப்போது வாய்க்கால் அல்ல,
மதகுக்கு ஒரு குட்டை.
கச்சான் காற்று
மிச்சத் தண்ணீரையும் நக்கிக்கொண்டிருக்கிறது.

தொண்ணூற்றொன்பதாம் கட்டையில் பஸ்ஸால் இறங்கினேன்.
ஒரு கையில் வாளி, தோளில் வலை,
பைக்குள் தராசு.
திணைக்களத்துத் தராசு பழுதாகி எட்டு மாதம்.
இது என் குசினியில் இருந்தது,
கேக்குக்குச் சீனி நிறுப்பது.

படிவத்தில் ஐந்து கட்டம்:
இனம், எண்ணிக்கை, நீளம், நிறை,
கிலோவுக்குச் சந்தைப் பெறுமதி.

முதல் வீச்சில் இரண்டு ஜப்பான் மீன்.
இருநூற்றுப் பத்து, முந்நூற்று நாற்பது.
தராசுக்கு ஒரு தயக்கமும் இல்லை.

பிறகு வலையின் மூலையில், பாசிக்குள்,
யாரோ தைத்துவிட்டு எடுக்க மறந்த ஊசிபோல
ஒரு மினுக்கம்.

கச்சல்.
என் பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம்.
வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு,
எதிரி எந்தப் பக்கம் கடிப்பதென்று
ஒரு கணம் குழம்பட்டும் என்று.

ஈரத்துணியை விரித்து, பூச்சியமாக்கி,
மேலே வைத்தேன்.
பூச்சியம்.
துள்ளியது. ஒன்று.
அடங்கியது. பூச்சியம்.

துள்ளலை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

இன்னொன்று வைத்தேன். இன்னொன்று.
ஏழாவது மீனில்தான் தராசுக்கு உறைத்தது:
இரண்டு கிராம்.

வாய்க்கால் கட்டில் சைக்கிளைச் சாத்திவிட்டு
புண்ணியமூர்த்தி பார்த்துக்கொண்டு நின்றார்.
தண்ணீர் திறப்பதும் பூட்டுவதும் அவர் வேலை.
"இதுக்கெல்லாம் நிறை பாக்கிறதோ, மிஸ்?
சுண்டாலை அளந்து பொரிக்கிறது."

வாளிக்குள் ஏழும் வட்டமாய்ச் சுற்ற
போனில் இரண்டை ஏழால் பிரித்தேன்.
தசம் இரண்டு எட்டு ஐந்து ஏழு ஒன்று நான்கு,
திரும்பவும் இரண்டு எட்டு ஐந்து.
திரையில் இடம் முடிந்தது.
எண்ணும் மீனும் சுற்றிக்கொண்டிருந்தன.

அடுத்த மதகடியில் ஒரு மோட்டார் சைக்கிள்,
பின்னால் ஒட்சிசன் சிலிண்டர், பொலித்தீன் கட்டு.
கிண்ணியா அஸ்மீர்.
கொழும்புக் கண்ணாடித் தொட்டிகளுக்குப் பிடிக்கிறவன்.
வெள்ளைப் பீங்கானில் ஊற்றி
கண்ணாலேயே எண்ணுகிறான்.

"ஒண்டு ஆறு ரூபா.
கொழும்புல அறுபதாம்.
அங்கால பிளேன் ஏறினா எவ்வளவெண்டு
மீனுக்கும் தெரியா, எனக்கும் தெரியா.
பத்துக்குக் குறைய விக்கிறதில்ல, மிஸ்.
தனிய விட்டா தின்னாது."

கடைசிக் கட்டத்துக்காகக் கணக்குப் பார்த்தேன்.
இரண்டு கிராமில் ஏழு, ஒன்று ஆறு ரூபா.
கிலோ இருபத்தோராயிரம்.
இன்று காலை மத்திய சந்தையில்
அறுக்குளாவே மூவாயிரத்தைத் தாண்டவில்லை.

அப்படியே எழுதினேன்.
கந்தோரில் யாராவது சிவப்புப் பேனையால்
ஒரு பூச்சியத்தை வெட்டுவார்கள்,
பிறகு இன்னொன்றை,
தங்களுக்கு நம்பிக்கை வரும்வரை.

போகுமுன் ஏழையும் குட்டையில் விட்டேன்.
வாளியைக் கவிழ்க்கையில் திரும்பிப் பார்த்தேன்.
அஸ்மீர் சிரித்தான்.
"மிஸ் உட்டத நான் எடுக்கமாட்டன்.
ஆனா அது எது எண்டு சொல்லிட்டுப் போங்க."

குனிந்து பார்த்தேன்.
கலங்கல் தெளியத் தெளிய
கறுப்புப் பொட்டுகள்,
ஐம்பதோ, நூற்றைம்பதோ.
எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பின,
பிறகு எல்லாம் மறுதிசைக்கு.
பதில் சொல்லாமல் பஸ்ஸுக்கு நடந்தேன்.

அடுத்த தண்ணீர் எப்போது என்று கேட்டதற்கு
கூட்டம் வைத்துத்தான் தீர்மானம் என்றார் புண்ணியமூர்த்தி.
குட்டையில் முழங்காலுக்குக் கீழே
நான்கு விரல் ஆழம் இருந்தது.

இரவு, உவர்மலையில், கரண்ட் வந்த பிறகு
பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு
மா குழைக்கத் தராசை எடுத்தேன்.
தட்டின் விளிம்பில் ஒரு செதில்,
வெளிச்சத்தில் ஒருதரம் நீலம், ஒருதரம் ஒன்றுமில்லை.

தராசு பூச்சியம் காட்டியது.
செதிலைத் துடைக்காமல்
சீனியைக் கொட்டத் தொடங்கினேன்.